பூட்டிய ப்ராசசரும் ஸ்டாண்டு ஃபேனும்

எனக்குச் சும்மா உட்கார வராது. பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பேன். அக்கா எனக்கு வைத்த பெயர் 'குடைச்சல்'. பொருத்தமான பெயர்தான், நான் கோபித்துக்கொண்டதில்லை.

படியில் விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு அக்காவுக்கு மார்புக்குக் கீழே எதுவும் அசையாது. மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. சீலிங் ஃபேன் அனலைத்தான் இறக்கும். காலையில் வந்துபோகும் நர்ஸம்மா முதல் நாளே சொன்னார்: "இவங்களுக்கு வேர்க்காது தம்பி. உடம்பு தானா சூட்டைத் தணிச்சுக்காது. இந்த ஸ்டாண்டு ஃபேன் இவங்க மேலயே ஓடணும்." கவனமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது பூட்டிய ப்ராசசர். யாரும் வேகத்தை ஏற்றக்கூடாது என்று கம்பெனியே பூட்டிவிடும். அப்படிச் சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். அது உட்காரும் மதர்போர்டும் இருப்பதிலேயே மலிவானது. ஆனால் போர்டை இயக்கும் அதன் பழைய பயாஸ் மென்பொருளில் ஒரு சந்து இருந்தது. ப்ராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் அடிப்படைக் கடிகாரத்தை நூறிலிருந்து ஏற்றலாம். நூற்றெட்டு வைத்தேன், தாங்கியது. நூற்றுப் பதினெட்டில், ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி கொதித்தது. மலிவு போர்டில் அதன்மேல் சூட்டை இழுக்க ஒரு தகடுகூடக் கிடையாது. சூடு நூற்று ஐந்து டிகிரியைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல காற்று வேண்டியிருந்தது. வீட்டில் நல்ல காற்று தருவது அந்த ஸ்டாண்டு ஃபேன் ஒன்றுதான்.

வேகம் நிலைக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரச் சோதனை உண்டு. நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. அன்று பகல் பன்னிரண்டுக்கு ஃபேனைத் தூக்கினேன்.

"அதைத் தூக்கிட்டு எங்கடா போற, குடைச்சல்?"

"ஒரு மணி நேரம்க்கா. கொண்டாந்துடறேன்."

"ஏன், உன் பொட்டிக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் சோதனை அறுந்தது. மின்னழுத்தத்தைத் துளி ஏற்றி மறுபடி ஆரம்பித்தேன். அக்கா கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தலை சுத்துதுடா" என்றாள். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் பாக்கி இருந்தது. அந்தக் குரல் என்னை உட்காரவிடவில்லை. எழுந்துபோய் என் அறைக் கதவைச் சாத்தினேன். காற்று வீணாகக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

அதுவும் அறுந்தது. மூன்றாவது சோதனை ஓடும்போது அவள் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி வைத்துக்கொண்டேன்.

சோதனை முடிந்ததும் திரையைப் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். இரண்டு பேர் பாராட்டும்வரை காத்திருந்தேன். பிறகுதான் ஃபேனை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் வாய் திறந்திருந்தது. நெற்றி தோசைக்கல் மாதிரி சுட்டது. மூச்சு இல்லை. ஃபேனைப் பழைய இடத்தில் வைத்து, அவள் பக்கம் திருப்பி, முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஈரத்துணியும் போட்டேன். உடம்பு ஆறுவதற்கு அரை மணி நேரம் விட்டு நர்ஸம்மாவுக்கு ஃபோன் செய்தேன். வெயில் கொன்னுடுச்சே என்று அவர் அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இருப்புக்கொள்ளாமல் நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். வெயில் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். அவள் தாங்கமாட்டாள் என்று தெரிந்தேதான் ஃபேனை எடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அலட்சியம் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அந்த இரண்டரை மணி நேரமும் சூட்டைக் காட்டும் எண்ணிலிருந்து நான் கண்ணை எடுக்கவே இல்லை.