சம்பந்தி இலையில் மூன்றாவது ஊறுகாய்

பெரியவர்களே, உங்களுக்குக் கொட்டாவி வரும் முன் ஒரு குட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் அதிகப்பிரசங்கி... நான்தான்.

போன மாதம் என் அக்கா தேன்மொழியைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா என்னிடம், "நிறைமதி, பரிமாறு. வாயை மட்டும் திறக்காதே!" என்றார்.

நானோ உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் பற்றி ஒரு முழுப் புத்தகம் படித்திருந்தேன். படித்தவள் சும்மா இருப்பாளா?

மாப்பிள்ளையின் அப்பா வந்ததும் பாட்டில் பழரசம், அதான் ஸ்குவாஷ், குடித்தார். பஜ்ஜிக்கு சாஸ் தொட்டுக்கொண்டார். பிறகு... இலை முன் உட்கார்ந்தார்! பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பாதியில் எழுந்தால்? எல்லாம் போச்சு.

"ஊறுகாய் வைம்மா." வைத்தேன். "இன்னும் கொஞ்சம்." வைத்தேன். மூன்றாம் முறை கேட்டார்... வாய் திறந்துவிட்டது.

"மாமா, ஸ்குவாஷ்ல பிரிசர்வேட்டிவ், சாஸ்ல பிரிசர்வேட்டிவ், இந்தப் பாட்டில் ஊறுகாய்லயும் பிரிசர்வேட்டிவ்... காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவர் கை அப்படியே நின்றது. அடுக்களை வாசலில் அக்கா... என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"ஏம்மா, அளவாத்தானே போடுறாங்க?"

"பாட்டிலுக்கு அளவுதான் மாமா. ஆனா அத்தனை பாட்டிலும் உங்க ஒரே வயித்துக்குள்ளதானே போகுது?"

அவர் மனைவி பக்கென்று சிரித்தார். "நல்லாக் கேளுடி! காலையில ஜாமை ஸ்பூன்ல அள்ளித் தின்ன மனுஷன்!"

அவர் என்னையே பார்த்தார். "அதெல்லாம் சரி... உன் தாடையில என்ன செவப்பா?"

தொட்டுப் பார்த்தேன். சாஸ்! கூடமே சிரித்தது. அவர் மறுபடி இலையில் கை வைத்தார். "மோர் ஊத்தும்மா. ஆனா கல்யாணப் பந்தியில இந்தப் பொண்ணை என் பக்கத்துல உட்கார வைக்காதீங்க!"

ஏன் இதைச் சொல்கிறேன்? ஒரு பாட்டிலைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. பாட்டிலில் அடைத்து விற்கிறவருக்கு நீங்கள் காலையில் தின்றது தெரியுமா? மாலையில் தின்னப்போவது தெரியுமா? அதைக் கூட்டிப் பார்க்க உங்களால்தான் முடியும். கூட்டிப் பாருங்கள்... உங்கள் தட்டில் மட்டும். அடுத்தவர் இலையில் கூட்டியவளுடன் அவள் அக்கா இன்னும் பேசவில்லை!