தேதியக்காவுக்கு, எங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறும் மடல்

வேதிப்பொருள் வைப்பறையின் விழிப்பே! விலாசமில்லாத தாளை விரல்நுனியாலும் தொடாத வித்தகியே! முப்பத்தோராண்டுகள் எங்கள் கண்ணையும் கையையும் மூச்சையும் காத்த மூத்தவரே! எங்கள் தேதியக்காவே! வணக்கம்.

விடைபெறும் நாளில் வாசிக்கும் மடல் இனிக்க வேண்டும் என்பார்கள். இது இனிக்காது. கோபத்தோடு எழுதியிருக்கிறோம். கோபம் உங்கள்மேல் அல்ல.

புதிய டப்பா எது வந்தாலும் அதன் பாதுகாப்புத் தாளைக் கையில் வாங்கி நீங்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: “இதை யாரு எழுதினது? எந்தத் தேதி?” பொருளைத் தயாரித்தவரே எழுதிய தாளா, டப்பாவில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா, கடைசியாகத் திருத்தியது எப்போது என்று பார்ப்பீர்கள். அதோடு விடமாட்டீர்கள். விற்பதற்கு எதுவும் இல்லாத ஆய்வாளர்கள் தொகுத்த தடித்த புத்தகத்தை இறக்கி ஒப்பிடுவீர்கள். இரண்டும் முரண்பட்டால், தயாரித்தவரிடமிருந்து பதில் வரும்வரை கடுமையான எச்சரிக்கைதான் எங்களுக்குச் சட்டம். ‘விவரம் இல்லை’ என்று அச்சிட்டிருந்தால் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதுவீர்கள்: ‘சோதிக்கவில்லை என்று பொருள். ஆபத்தில்லை என்று பொருளல்ல.’

“என் பெண்டாட்டிகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லைக்கா, ஒரு டப்பாவைப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே!” என்பார், உலோகத் துண்டுகளைத் தொட்டியில் முக்கித் துருவெடுக்கும் தொட்டிப் பிரிவு அண்ணன். அவர் சிரிப்பார், நீங்கள் சிரிக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள்.

அசிட்டோன் விவகாரம் நினைவிருக்கிறதா? அதன் ஆவி இருபது டிகிரியில்தான் தீப்பற்றும் என்று ஏழு இணையதளங்கள் சொல்லின. குளிரூட்டிய அறையில் வைத்தால் போதும் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். உங்கள் புத்தகமோ பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது என்றது. ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினீர்கள். ஏழிலும் அதே வாக்கியங்கள், அதே வரிசை, கழித்தல் குறி மட்டும் ஏழிலும் இல்லை. “ஏழு பேர் சொல்லலைப்பா. ஒருத்தர் சொன்னதை ஆறு பேர் காப்பி அடிச்சிருக்காங்க” என்றீர்கள். அன்றே பொறி பறக்கும் பழைய மின்விசிறி அந்த அறையைவிட்டு வெளியேறியது.

அப்படிப்பட்ட நீங்கள் மூன்று நாள் விடுப்பில் போனீர்கள். முதல் நாளே புதிய துருநீக்கி வந்து இறங்கியது. தயாரித்தவரிடம் தாள் கேட்டால் ஒரு நாள் தாமதம் ஆகும் என்று, ஏதோ ஒரு கடையின் பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்து ஒட்டச் சொன்னார் மேலாளர். “பேரு ஒண்ணுதானே, உள்ள இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கும்.” ஐயா, மேடையில்தான் இருக்கிறீர்கள். உங்கள் வார்த்தைகள் இவை.

பெயர் ஒன்றுதான். உள்ளே இருந்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். மற்ற அமிலம் பட்டவுடன் எரியும், நாம் கையை இழுத்துக்கொள்வோம். இது நீர்த்திருந்தால் மணிக்கணக்கில் வலிக்காது. சத்தமில்லாமல் சதைக்குள் இறங்கி எலும்பைத் தேடிப் போகும். கழுவியதும் கால்சியக் களிம்பு தடவி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒட்டிய தாளில் இருந்தது ‘தண்ணீரில் கழுவவும்’ என்ற ஒற்றை வரி. தொட்டிப் பிரிவு அண்ணன் கையில் அது தெறித்தது. அவர் தாளைப் படித்தார், கழுவினார், மெல்லிய கையுறையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். தாமதம் ஒரு நாள் தவிர்க்கப்பட்டது. அவர் வலக்கையில் இரண்டு விரல்நுனிகள் போயின.

பிறகு வந்தது விசாரணை அறிக்கை. ‘சம்பவ நாளில் பணியிலிருந்த வைப்பறைப் பொறுப்பாளர் சரியான தாளை வைக்கத் தவறினார்.’ அந்த ஒரு வரியோடுதான் இன்று உங்களை வீட்டுக்கு அனுப்புகிறது இந்த நிறுவனம்!

அதில் சாட்சிகளாகக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள் பதினான்கு பேர். எங்கள் கோபத்தில் பெரும்பங்கு எங்கள்மேல்தான். எழுதியவர் பெயர் அதில் இல்லை. தேதி இல்லை. முப்பத்தோராண்டுகள் உங்களிடம் பாடம் கேட்டவர்கள், நீட்டிய தாளில், நீட்டிய பேனாவால், மதிய உணவுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டோம். அறிக்கையைப் பார்த்த நீங்கள் திட்டவில்லை. “படிச்சுப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கு இன்றுதான் பதில் சொல்கிறோம்: இல்லை அக்கா, படிக்கவில்லை.

இப்போது படித்துவிட்டோம். பதினான்கு கையெழுத்துகளையும் திரும்பப் பெறுகிறோம். இம்மடலின் ஒரு படி இன்று காலை நிறுவனத் தலைமைக்குப் போய்விட்டது, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை எங்களிடம் இருக்கிறது. இன்னொரு படி, சட்டமிட்டு, உங்கள் புத்தக அலமாரிக்கு மேலே மாட்டப்படும். அந்த வரி திருத்தப்படும்வரை அதை யாரும் இறக்க மாட்டார்கள்.

அக்கா, நல்ல உடலும் தெளிந்த கண்ணுமாய் நெடுங்காலம் வாழுங்கள்! மருந்துச் சீட்டு, மளிகைப் பொட்டலம் எதையும் விடாமல் தேதி கேட்டு எல்லாரையும் பாடாய்ப்படுத்துங்கள்!

இதை எழுதியவர்கள்: கீழே கையெழுத்திட்டுள்ள பதினான்கு பேர், மூன்று முறை படித்த பின்.
ஆதாரம்: விடுப்புப் பதிவேட்டில் உங்கள் பக்கம், ஒட்டப்பட்ட தாள், தயாரித்தவரிடம் நாங்களே கேட்டு வாங்கிய தாள். மூன்றும் இணைக்கப்பட்டுள்ளன.
தேதி: இன்று, நீங்கள் பணி நிறைவு பெறும் நாள், காலை ஒன்பது மணி.

முதல் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டிப் பிரிவு அண்ணன் இடக்கையால் எழுதப் பழகி இரண்டு மாதம்தான் ஆகிறது.