மலைப்பாம்புக்கு வந்த குளிர்ஜுரம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் எங்கள் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் அவர்களே, பல்லிக்கும் முதலைக்கும் பாகுபாடின்றி ஊசி போடும் மருத்துவரம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, பாம்பு என்றதும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்ட தாய்மார்களே, ஓரமாய் நின்று ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி அவர்களே, உங்கள் அனைவருக்கும் பாம்புக்கூடத்துப் பராமரிப்பாளனின் பணிவான வணக்கம்.

"அண்ணே, மைக்கைத் திருப்பாதீங்க. கத்தும்."

மன்னிக்க வேண்டும், தம்பி. கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கை இது. கோழிமுட்டையை நாளுக்கு நாலு தடவை திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எதைக் கண்டாலும் திருப்பிவிடுவேன். தூங்குகிற மனைவியைத் திருப்பிப் படுக்க வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பெரியோர்களே, நாம் உண்ட உணவை எரித்து உடம்பைச் சூடாக்குகிறோம். பாம்பு அப்படியா? பல்லி அப்படியா? ஆமைதான் அப்படியா? இல்லை. வெயிலில் கிடந்து வெப்பம் வாங்கும், மிஞ்சினால் நிழலுக்கு நகரும். அடுப்பு எரிக்காத வீட்டுக்கு விறகு எதற்கு? அதனால்தான் பாம்பு வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கிறது. என் மைத்துனரும் நாள் முழுக்க வெயிலில்தான் கிடக்கிறார். ஆனால் மூன்று வேளையும் முதல் பந்தி அவருக்குத்தான்.

முதலையின் கதை இன்னும் வேடிக்கை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த இடத்துச் சூடு முடிவு செய்கிறது. என்னம்மா, சிரிக்கிறீர்கள்? ஆமாம், முதலை வீட்டில் மருமகளை யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது எங்கள் மலைப்பாம்புக்கு வருகிறேன். இந்த ஆண்டு இருபத்துமூன்று முட்டைகள் இட்டாள். இட்டவள் சுற்றி வளைத்துப் படுத்துக்கொண்டு சீறினாள். எடுத்துக் குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை, அவளிடமே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்க்கிறேன், உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது. மருத்துவரம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பாம்புக்குக் குளிர்ஜுரம். தூக்கித் தூக்கிப் போடுது. போர்வை போர்த்திட்டு வந்திருக்கேன்."

"யாரோட போர்வை?"

"என்னோடதுதாம்மா."

"முதல்ல போய் அதை எடுங்க. அது ஜுரம் இல்லை. சதையை உதறி உதறி முட்டைக்குச் சூடு குடுக்குது."

கேட்டீர்களா? தனக்கென்று சூடில்லாத உடம்பு, பிள்ளைக்கென்று சூடுண்டாக்குகிறது. உண்ணவில்லை, உலாவவில்லை, இரண்டு மாதம் உதறிக்கொண்டே கிடந்தாள். நானோ ஒரு தலைவலிக்கு மூன்று நாள் விடுப்பு எடுப்பவன்.

மருத்துவரம்மா அன்று இன்னொன்றும் சொன்னார்கள். "முட்டை ஏதாவது உருண்டு வெளிய வந்தா, கிடந்தது கிடந்தபடியே எடுத்து வைங்க. பாம்பு முட்டையில கரு மேல்பக்கமா ஒட்டியிருக்கும். திருப்பினா செத்துப்போயிடும்."

அடுத்து நடுங்கியவன் நான்.

ஏன் தெரியுமா? போன ஆண்டு இருபத்தாறு முட்டைகளை இயந்திரத்தில் வைத்தோம். நாளுக்கு நாலு தடவை, விடுமுறை நாளிலும் வந்து, அத்தனையையும் அக்கறையாகத் திருப்பி வைத்தேன். அத்தனையும் அழுகின. இயந்திரத்தில் சூடு ஏறியிருக்கும் என்று விசாரணையில் முடிவானது. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் யார்? இதோ நிற்கும் இந்தத் தம்பி. இவரைப் பாம்புக்கூடத்திலிருந்து எடுத்து வாசல்விளக்கு மாட்ட அனுப்பினார்கள். 'அவிச்ச முட்டை' என்று பட்டப்பெயர் வைத்தோம். நானும்தான் கூப்பிட்டேன், நானும்தான் சிரித்தேன்.

உண்மை தெரிந்து இரண்டு மாதமாகிறது. தினமும் காலையில் வாசலில் "வாங்கண்ணே" என்பார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா.

இருபத்திரண்டு குட்டிகள் பொரிந்ததற்கு இன்று எனக்குப் பாராட்டுப் பத்திரம் தருகிறீர்கள். பாடுபட்டவள் பாம்பு. பழி சுமந்தவர் இவர். பாழாக்கியவன் நான். பத்திரம் மட்டும் எனக்கா? இயக்குநர் அவர்களே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். என்னை வாசலுக்கு அனுப்புங்கள், போகிறேன். இவரைப் பாம்புக்கூடத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்திரத்தில் என் பெயரை அடித்து இவர் பெயரை எழுதுங்கள்.

தம்பி, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

மேடைக்கு ஏறி வருகிறார். அடிக்கத்தான் வருகிறார் போலிருக்கிறது. வரட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

"அண்ணே, மறுபடியும் மைக்கைத் திருப்பிட்டீங்க. கையை எடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நீங்க பேசுங்க."

இனி எனக்குப் பேச்சு வராது, தம்பி. மைக் பிடித்திருக்கும் இவர் சார்பிலும், பேச வாயில்லாத அந்த இருபத்திரண்டு குட்டிகள் சார்பிலும், இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம். தாய்மார்களே, காலைக் கீழே இறக்கலாம்.