அவன் கண்ணுக்கு மட்டும்

அன்று காலை தம்பி என் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அவனுடையது வார் அறுந்திருந்தது.

விசாரணை என்று நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், ஐயா. ஊருக்கான இணையப் பக்கத்தை நான் நடத்துகிறேன். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். தண்ணீர் வராத தெரு, தொலைந்த சாவி, எல்லாம் அதில்தான் வரும். அதனால் அது ஊர்ச் சொத்து என்று சிலருக்கு நினைப்பு. என் வீட்டுக் கூடத்தில் யார் பேசலாம் என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்?

தம்பிக்குச் சாய ஆலையில் கொதிகலன் பார்க்கும் வேலை. அழுத்தம் மீறினால் நீராவியை வெளியேற்றும் வால்வு அடிக்கடி திறந்து வேலையைக் கெடுக்கிறது என்று, ஆலையில் அதைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். தம்பி படமெடுத்து, பெயரில்லாக் கணக்கு ஒன்றிலிருந்து என் பக்கத்தில் போட்டான். கம்பியை அவிழ்க்கும்வரை யாரும் உள்ளே போகாதீர்கள் என்று எழுதினான். அவன்தான் எழுதுகிறான் என்று எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பதிவு வந்த சில நிமிடங்களிலேயே ஆலை முதலாளி போனில் கூப்பிட்டு யார் எழுதுவது என்றார். சொல்லவில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை நான். பதிவை நீக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. நீக்கினால் தம்பி சண்டைக்கு வருவான். ஆகவே அவன் எழுதுவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மாற்றினேன். யார் மனமும் நோகாத ஏற்பாடு அது.

பதினொரு நாள் எழுதினான். சோர்ந்துவிடக் கூடாதே என்று வேறு பெயர்களில் நானே இரண்டு மூன்று லைக் போட்டேன்.

கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டபோது கேட்டான்.

"அண்ணே, நாப்பதாயிரம் பேருன்னு பீத்திக்கிறியே, ஒருத்தனுக்குக்கூடவா வாய் இல்ல?"

"படிச்சிருப்பானுங்கடா. பயம்."

"அப்ப நானே ஏறிக் கம்பிய வெட்டிடறேன். இவனுங்கள நம்பிப் புண்ணியமில்ல."

என் மனைவி சிரித்தாள். "உங்கண்ணன நம்பினா மட்டும்? ஒரு லைக்காவது போட்டாரான்னு கேளுங்க தம்பி."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பான்.

அன்று கொதிகலன் வெடித்தபோது அவன் ஏணியில் நின்றிருந்தான், கையில் குறடு. கீழே வேலையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அந்த எச்சரிக்கையை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பார்க்கவிடாமல் செய்தது நான்தான், அதை மறுக்கவில்லை.

மாலையில் பத்துப் பேருக்கும் இரங்கல் பதிவு எழுதினேன். நன்றாக வந்திருப்பதாக முதலாளி சொன்னார். துக்க நேரத்தில் வாக்குவாதம் வேண்டாமென்று அதன் கீழே கருத்துப் பெட்டியை மூடினேன். இன்றுவரை திறக்கவில்லை.