செட்டில் ஆனவர்

டெய்லர்: என் கிரெடிட் ரிப்போர்ட்ல செட்டில்ட்னுதானே சார் போட்டிருக்கு? அப்புறம் ஏன் லோன் இல்லைங்கிறீங்க?

ஆபீசர்: அதனாலதாங்க இல்லை.

டெய்லர்: பையன் எப்ப செட்டிலாவான்னு எங்கம்மா பதினஞ்சு வருஷமா புலம்புறாங்க. இப்பத்தான் ஒரு கம்ப்யூட்டர், ஆயிட்டான்னு எழுதிக் குடுத்திருக்கு. அதுவும் தப்பா?

ஆபீசர்: அந்த செட்டில் வேற, இந்த செட்டில் வேற. கடனை முழுசா கட்டாம, பாதியில பேசி முடிச்சுக்கிட்டீங்கன்னு அர்த்தம். முழுசா கட்டியிருந்தா 'குளோஸ்ட்'னு வந்திருக்கும்.

டெய்லர்: மூடினவன் நல்லவன், செட்டிலானவன் கெட்டவன்?

ஆபீசர்: ...எங்க பாஷை அப்படி.

டெய்லர்: முன்னாடி கடன் குடுத்த கம்பெனி அனுப்பின லெட்டரை ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டியிருக்கேன் சார். 'உங்கள் கணக்கு செட்டில் ஆகிவிட்டது'. அளவு குடுக்க வர்றவங்க அதைப் படிச்சிட்டுத்தான் கையையே தூக்குவாங்க.

ஆபீசர்: முதல்ல அதைக் கழட்டுங்க.

டெய்லர்: சார், விளையாட்டு போதும். எனக்குக் காஜா மெஷின் வேணும். பட்டனுக்கு ஓட்டை போடுற மெஷின். ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு நானூறு சட்டை ஆர்டர் வந்திருக்கு. காஜாவை வெளியில குடுத்தா, லாபம் பூரா அந்த ஓட்டை வழியாவே போயிடும்.

ஆபீசர்: கையில எவ்வளவு இருக்கு?

டெய்லர்: நாற்பதாயிரம். மெஷின் ஒண்ணரை லட்சம். மிச்சத்துக்குத்தான் உங்ககிட்ட...

ஆபீசர்: மெஷினை இப்போதைக்கு மறந்துடுங்க. அந்தப் பணத்தைப் பழைய கம்பெனியில கட்டுங்க.

டெய்லர்: என்னது!

ஆபீசர்: அன்னைக்குத் தள்ளுபடி பண்ணின பாக்கி முப்பத்தெட்டாயிரம். அதைக் கட்டிட்டு, பாக்கி எதுவும் இல்லைன்னு லெட்டர் வாங்குங்க. ரிப்போர்ட்ல 'குளோஸ்ட்'னு மாத்தச் சொல்லுங்க. மாத்தினாங்களான்னு நீங்களே பாருங்க, அவங்க வாயை நம்பாதீங்க. அப்புறம் சின்னதா ஒரு டெபாசிட் போட்டு, அது மேல சின்னதா ஒரு கடன். தவணை ஒருநாள்கூடப் பிந்தாம ஒரு வருஷம் கட்டுங்க. அப்ப வாங்க.

டெய்லர்: ஒரு வருஷமா? ஆர்டர் என்னாகும்?

ஆபீசர்: எடுங்க. காஜாவை வெளியில குடுங்க. லாபம் கம்மிதான்... ஆனா ஆர்டர் கைவிட்டுப் போகாதுல்ல.

டெய்லர்: இருக்கிறதையும் துடைச்சுக் கட்டிட்டு வந்து நிப்பேன். அப்ப நீங்க கையை விரிச்சா?

ஆபீசர்: சத்தியம் பண்ணமாட்டேன். வழி இதுதான்.

டெய்லர்: அன்னைக்கும் ஒருத்தர் ஃபோன்ல வழி சொன்னார் சார். 'பாதி கட்டுங்க போதும், நிம்மதியாத் தூங்கலாம்'னு. நல்லாத்தான் தூங்கினேன்.

ஆபீசர்: பின்னாடி லோன் கிடைக்காதுன்னு அவர் சொல்லலையா?

டெய்லர்: அவர் சொல்லலை, நானும் கேட்கலை.

ஆபீசர்: நீங்க எப்படிங்க கேட்பீங்க... கடைக்குள்ள தண்ணி புகுந்து, மூணு தையல் மெஷின் மோட்டாரும் எரிஞ்சுபோய் நின்ன நேரம்.

டெய்லர்: மோட்டார் எரிஞ்சதுகூட ரிப்போர்ட்ல வருமா சார்?

ஆபீசர்: ...வராது.

டெய்லர்: ம்.

ஆபீசர்: அந்த ஃபோன்ல பேசினது... நான்தாங்க. அப்ப அந்தக் கம்பெனியில வசூல் வேலையில இருந்தேன். மாசக் கடைசி. ஒரு ஃபைல் முடிச்சா ஒரு மார்க்கு. உங்க பேரை ஸ்க்ரீன்ல பார்த்ததுமே சொல்லியிருக்கணும். வாய் வரலை. வேணும்னா... பக்கத்து சீட்டு மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

டெய்லர்: தெரியும் சார். போன வாரமே வந்தேன். யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்க. குரலைக் கேட்டதும் சண்டை போடணும்னுதான் தோணுச்சு, பேசாம போயிட்டேன். இன்னைக்கு மேடம் முன்னாடி வரிசையே இல்லை. இருந்தும் முக்கால் மணி நேரம் உங்க வரிசையிலதான் நின்னேன். தப்பா வெட்டின கைதான் சார், அடுத்த துணியை ரெண்டு தடவை அளக்கும். ...அந்த முப்பத்தெட்டை எங்க கட்டணும்னு எழுதிக் குடுங்க.