நோட்டீஸை வாசித்த சார்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"வெளிநாட்டு வேலைக்குப் போலி ஏஜென்ட நம்பாதீங்கன்னு அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கே, பாக்கலியாக்கா?"

"அதப் பாத்துதான்டி நம்புனேன். அவன் ஆபீஸ் செவுத்துலயே ஒட்டியிருந்துச்சு. கள்ளப்பய அத ஒட்டுவானா?"

"அதுக்காக மக பாஸ்போட்டக் குடுத்துருவியா?"

"படிச்ச சார் ஒருத்தர் வந்திருந்தாரு. எங்களுக்கெல்லாம் நோட்டீஸ வாசிச்சு வெளக்கிட்டு, மகன் பாஸ்போட்ட மொத ஆளா நீட்டுனாரு. நாங்களும் குடுத்தோம். இன்னைக்குப் போனா பூட்டு தொங்குது."

"லைசன்ஸக் கேட்டுப் பாருங்கன்னு அதுலயே போட்டிருக்கேக்கா!"

"அந்த வரியத்தான்டி ரெண்டு தடவ வாசிச்சாரு."

உண்மையில் மூன்று தடவை வாசித்தேன். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டில் மகன் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பான்.