கருஞ்சிறுத்தைக்கு ஒரு சாட்சி

— அப்பா, சும்மா சுவரைப் பாக்காமல் என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. உள்ளுக்க அந்தச் சிறுத்தைக் கதையை எடுத்தவையோ?

— எடுக்காமல் விடுவினமோ, பிள்ளை? பேப்பரில படம் வந்த ஆள் நான். கதிரையில இருக்க முதலே ஒராள் மற்றாளை முழங்கையால இடிச்சவர்.

— சரி, முழுசாச் சொல்லுங்கோ. அம்மா வெளியில வர முதல் எனக்குத் தெரியவேணும். சுவிஸ் சிற்றிசன் விசாரணை இது, விளையாட்டில்லை.

— முதல்ல நல்லாத்தான் போனது. ஊருக்குள்ள ஓடுற ஆறு என்ன, கமைண்ட எண்ட ஊர்ச்சபையில எத்தினை பேர் இருக்கினம், குளிர்காலத்தில நடைபாதைப் பனியை ஆர் அள்ளவேணும், எல்லாம் டக்கு டக்கெண்டு சொன்னன். பிறகு அந்தத் தலைவி மனிசி கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சிட்டு, "ஹெர் நித்தியானந்தன், எங்கட காட்டில கருஞ்சிறுத்தை நிக்குதெண்டு சொன்னது நீங்கள்தானே?" எண்டு கேட்டா. நாலு பேர் சிரிச்சினம்.

— அஞ்சு பேர் எல்லோ இருந்தவை?

— ஷ்டெட்லர் சிரிக்கேல்லை. மேல் பண்ணையில மாடு வைச்சிருக்கிறார், அந்தாள். மேசையையே பாத்துக்கொண்டு இருந்தவர். சிரிக்கவும் பெறுமதியில்லாத விசர்க்கதை எண்டு நினைச்சிருப்பார்.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்? நேற்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனீங்கள், சாமியறையில கற்பூரம் அணைச்சு. மறந்திடாதேங்கோ.

— மறக்கேல்லை.

— அப்ப நாய் எண்டு சொன்னனீங்களோ, இல்லையோ?

— சொன்னன்.

— சீரியஸா?

— "அது பெரிய நாய் ஒண்டு, தூரத்தில எனக்கு வடிவாத் தெரியேல்லை, பிழை என்னில" எண்டு சொன்னன். நல்ல டொச் பாசையில சொன்னன். ஒரு பிழையும் வரேல்லை.

— அப்பாடா! தப்பினம். பொய் சொல்லுறதுக்குக் கற்பூரம் அணைச்ச ஒரே குடும்பம் நாங்களாத்தான் இருப்பம். ஏன் அப்பா முகம் இப்பிடிக் கிடக்கு?

— ஒண்டுமில்லை.

— ஒண்டுமில்லை எண்டால் ஏன் திரும்பவும் சுவரைப் பாக்கிறியள்?

— கேளன் பிள்ளை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில இப்பிடித்தான் ஒரு மேசைக்கு முன்னால இருத்தி விசாரிச்சவை. எனக்கு நடந்ததை நடந்த மாதிரியே சொன்னன். கூட்டேல்லை, குறைக்கேல்லை. என்னோட வந்த பொடியள் நல்லாச் சோடிச்சுச் சொன்னவங்கள், அவங்களுக்கு உடனே அகதிப் பெர்மிட் கிடைச்சது. எனக்கு, நீ சொல்லுறது நம்பேலாது எண்டு மறுத்தவை. பத்துப் பன்னிரண்டு வருசம் இழுபட்டன். கதையை மாத்திச் சொல்லும் எண்டு வக்கீலே சொன்னவர். அப்பவும் மாத்தேல்லை. அவ்வளவு வருசமும் மாத்தாத வாயை இண்டைக்கு மாத்திப்போட்டன்.

— அம்மாவுக்காகத்தானே மாத்தினனீங்கள்.

— வேற ஆருக்காக? எத்தினை வருசமா முதியோர் ஹைமில இந்த ஊர்க் கிழடு கட்டையளுக்குச் சூப் தீத்துறாள், காலைக் கழுவி விடுறாள். ஆனால் ஊர்க் கூட்டத்தில வாக்குப் போடக் கை உயர்த்த மட்டும் ஏலாது. "நீங்கள் சிறுத்தை சிறுத்தை எண்டு நிண்டால், விசரன்ர பெண்சாதி எண்டு என்னையும் தள்ளிப்போடுவினம்" எண்டு அழுதாள். என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?

— இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்கோ. அது நாயோ?

— நாய்க்கு வால் நிலத்தில முட்டுமோ?

— லுக்ஸ் எண்டு என்ர வேலையில சொல்லினம். ஜூரா மலைப் பக்கம் அந்தக் காட்டுப் பூனை நிக்குதுதானே, சில நேரம் இஞ்சாலையும் வருமாம்.

— லுக்ஸுக்குக் கட்டை வால், பிள்ளை. உடம்பில புள்ளி இருக்கும். நான் எல்லாத்தையும் பாத்துப் படிச்சிட்டன். நான் கண்டது கறுப்பு, நல்லெண்ணெய் பூசின மாதிரிக் கறுப்பு. காலை வேலை முடிஞ்சு சைக்கிள்ல வாறன், பட்டப்பகல், சோளத் தோட்டம் முடிஞ்சு காடு தொடங்கிற இடத்தில நிக்குது. நான் பாத்தன், அதுவும் பாத்தது. ஓடேல்லை. இடது பின்னங்காலை இழுத்து இழுத்து, தன்ர வளவுக்குள்ள போற மாதிரிக் காட்டுக்குள்ள போனது. உண்மையைச் சொல்லுறன், எனக்குப் பயம் வரேல்லை. பெருமையா இருந்தது. இவ்வளவு சனம் இருக்கிற ஊரில எனக்கு முன்னால வந்து நிண்டிட்டுப் போகுதே எண்டு.

— காலை இழுத்ததோ? அது பேப்பரில வரேல்லையே?

— அந்தப் பேப்பர்ப் பொடியன் சிரிச்சுச் சிரிச்சு எழுதினவன். அவன் சிரிக்கிறதைக் கண்டிட்டு மிச்சத்தை விழுங்கிப்போட்டன். கொம்மாவுக்கு மட்டும்தான் சொன்னது. அவன் தலைப்பில புலி எண்டு போடப் பாத்தவன். தம்பி, எங்கட சனம் அந்தச் சொல்லால பட்டது காணும், சிறுத்தை எண்டே போடு எண்டன்.

— கோயில்ல பானுஜன் அங்கிள் ஆக்கள் உங்களைக் கண்டால் மியாவ் எண்டு கத்துகினம். எனக்கு அப்பிடியே அழுகை வரும்.

— கத்தட்டும், வாய் நொந்தால் நிப்பாட்டுவினம். அங்க பார், கதவு திறக்குது. கொம்மா வாறா.

— என்ன ரெண்டு பேரும் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்? தள்ளி இருங்கோ. முருகா, தொண்டை காஞ்சு போச்சு. யாதவி, தண்ணிப் போத்தலைத் தா.

— எப்பிடி அம்மா போனது?

— எனக்கென்ன குறை? எல்லாம் சொன்னன். மட்டைக் குப்பை எண்டைக்கு வெளியில வைக்கிறது, பச்சைக் குப்பை எண்டைக்கு வைக்கிறது எண்டு கூடக் கேட்டினம். கடைசிக் கிழமை நாள் மாறினது அவைக்கே தெரியாது, நான்தான் சொல்லிக் குடுத்தன்.

— கௌரி, குப்பையை விடும். சிறுத்தையைப் பற்றிக் கேட்டவையோ?

— கேட்டவை.

— நான் சொன்னதைத்தானே நீரும் சொன்னனீர்?

— நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் எனக்கு வந்ததைச் சொன்னன்.

— அம்மா! உங்களுக்கு என்ன வந்தது?

— அந்த மனிசி கேட்ட விதம் எனக்குப் பிடிக்கேல்லையடி. "உங்கட கணவருக்குக் கண்ணில ஏதும் கோளாறோ, இல்லாட்டி கற்பனை கொஞ்சம் கூடவோ?" எண்டு கேக்கிறா. பக்கத்தில ஒராள் சிரிச்சுப்போட்டு வாயைப் பொத்துறார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிட்டுது. நேற்று அழுதது, சத்தியம் வாங்கினது ஒண்டும் ஞாபகத்தில இல்லை.

— ஐயோ கடவுளே!

— சொன்னன்: "என்ர மனிசன் பொய் சொல்லியிருந்தால் வந்த உடனேயே உங்கட பெர்மிட் கிடைச்சிருக்கும். பொய் சொல்ல மாட்டன் எண்டு இளமை முழுக்கக் காத்திருந்த ஆள் அவர். அவர் சிறுத்தை எண்டால் சிறுத்தைதான். நான் அதைக் காணேல்லை. ஆனால் சைக்கிளைப் போட்டிட்டு வீட்டு வாசலில வந்து நிண்ட அவரைக் கண்டனான். நாயைக் கண்டவன்ர முகமில்லை அது. நீங்கள் பாஸ்போட் தந்தாலும் சரி, தராட்டிலும் சரி, இப்பிடி ஒரு மனிசனுக்குப் பெண்சாதியா இருக்கிறதில எனக்குப் பெருமை." அவ்வளவுதான். வணக்கம் சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

— இதையெல்லாம் டொச்சிலயோ சொன்னனீங்கள்?

— பாதி டொச், பாதி ஊர்ச் சுவிஸ். கோவம் வந்தால் தன்பாட்டில வருகுது. ஏன், ஏன் இப்பிடிப் பாக்கிறியள்?

— அம்மா, அப்பா நாய் எண்டு சொல்லிட்டார்.

— என்ன?

— உங்களுக்குச் சத்தியம் பண்ணினதெண்டு சொல்லிட்டார்.

— இஞ்சேருங்கோ! நாயெண்டோ சொன்னனீங்கள்? நீங்களோ?

— நீர்தானே அழுதனீர்! கற்பூரத்தை என்ர கையில வைச்சு அணைப்பிச்சதும் நீர்தானே!

— நான் எத்தினைக்கு அழுதிருக்கிறன்! அந்த ஓட்டைப் பிரிட்ஜை மாத்தச் சொல்லி அழுதன், கேட்டனீங்களோ? தமையன்ர வீட்டுக்குக் கனடா போவம் எண்டு அழுதன், கேட்டனீங்களோ? கலியாணம் கட்டின நாளில இருந்து ஒண்டுக்கும் கேக்காத மனிசன், இதுக்குப் போய்க் கேட்டிருக்கிறியள்!

— சிரிக்காத யாதவி.

— சிரிக்காமல் என்ன செய்ய? அப்பா நாய் எண்டுறார், அம்மா சிறுத்தை எண்டுறா. உள்ள அஞ்சு பேரும் தலையைப் பிச்சுக்கொண்டு இருப்பினம். ரெண்டு பேரில ஒராள் பொய் எண்டு ரெண்டு பேரையும் தள்ளப்போகினம்.

— பொய் சொன்னது நான்தான். அவை கூப்பிட முதல் நானே போறன்.

— எங்க போறியள்? இருங்கோ.

— இல்லைக் கௌரி. இவ்வளவு நாளும் ஊர் சிரிச்சது, கோயில் சிரிச்சது, நான் கவலைப்படேல்லை. இண்டைக்கு நானே எனக்கு எதிராச் சாட்சி சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். நீர் எனக்காக அஞ்சு பேருக்கு முன்னால நிண்டிருக்கிறீர். நான் போய், "சொன்னது பொய், கண்டது சிறுத்தை" எண்டு சொல்லவேணும். உமக்குக் கை உயர்த்தக் கிடைக்காமல் போகலாம். அதை மட்டும் யோசியும்.

— யோசிச்சிட்டன். கிடைச்சால் உயர்த்துவம், கிடைக்காட்டிப் பேசாமல் சூப் தீத்துவம். நீங்கள் போங்கோ. பொறுங்கோ, அந்தக் கொலரை இழுத்து விடுறன். இப்ப போங்கோ.

— அம்மா, சிறுத்தை காலை இழுத்ததையும் உள்ளுக்க சொன்னனீங்களோ?

— இல்லையடி. அது அவர் கண்டது. அவர் வாயாலதான் அது வரவேணும்.

— அப்பா, நில்லுங்கோ. கதவு திறக்குது. ஆரோ வாறினம். ஷ்டெட்லர்தானே?

— ஹெர் நித்தியானந்தன், ஒரு நிமிடம். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

— ஹெர் ஷ்டெட்லர், நானே உள்ள வர வெளிக்கிட்டனான். நான் முதல் சொன்னது பிழை. அது நாய்...

— இருங்கள், முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். சிரிப்பார்கள் என்று பயந்து என் மனைவியிடம்கூட நான் இதைப் பேசவில்லை. உங்கள் மனைவி பேசியதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லுங்கள், நீங்கள் கண்ட அந்த நாயும் இடது பின்னங்காலை இழுத்துத்தான் நடந்ததா?